எடை தெரியாத கட்டு

(மாசிக் கடைசியில் காங்கேயம் பகுதியில் கால்நடை வளர்ப்போர் கூட்டத்தில் ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று விடியற்காலையில் திருச்சியிலிருந்து வரும்போது குளித்தலை தாண்டி ஒரு வைக்கோல் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டேன். இருபுறமும் பிதுங்கி, சாலையை அடைத்துக்கொண்டு மெல்லப் போய்க்கொண்டிருந்தது. முந்த வழியில்லை. கரூருக்கு முன்னால் ஒரு டீக்கடையில் லாரி நின்றது. நானும் நிறுத்திவிட்டு அந்த ஓட்டுநர் தம்பியிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"எங்கிருந்து தம்பி?"

"மன்னார்குடிப் பக்கம் ஐயா. பாதி பல்லடத்துல இறங்குது, மீதி பாலக்காடு."

"கட்டு என்ன விலை?"

சொன்னார்.

"கட்டு என்ன எடை இருக்கும்?"

"எடையா? அதை யாருங்க போட்டுப் பார்த்தா? எண்ணி ஏத்துவோம், எண்ணி இறக்குவோம், அவ்வளவுதான்."

மேடையில் பேச வேறு குறிப்புகள் எழுதி வைத்திருந்தேன். அந்தப் பதிலைக் கேட்ட பிறகு அவற்றை மடித்துப் பையில் போட்டுவிட்டேன். நாற்பது ஆண்டுகள் மாட்டுக்கு மருந்து கொடுத்தவன் நான். என் பார்வைக்கு வந்த மாடுகளில் நோயால் மெலிந்தவை குறைவு. தீவனம் போதாமல் மெலிந்தவையே அதிகம். அந்தத் தீவனத்தை என்ன விலைக்கு வாங்குகிறோம் என்பது வாங்குகிறவருக்கும் தெரியவில்லை, விற்கிறவருக்கும் தெரியவில்லை. இன்று அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

முதலில் பருவம். சம்பா அறுவடை தையில் தொடங்கி மாசியில் முடிகிறது. தாளடி பங்குனி வரை இழுக்கும். ஆண்டு முழுவதற்குமான நல்ல வைக்கோல் தமிழ்நாட்டில் இந்த இரண்டரை மாதத்தில்தான் வயலில் விழுகிறது. குறுவை வைக்கோலும் உண்டு. ஆனால் அது புரட்டாசி, ஐப்பசியில் அறுவடையாகும். வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் வயலிலேயே கறுத்து அழுகும். ஆகவே விலை மாசியில் இறங்கி, சித்திரையில் ஏறத் தொடங்கி, ஆடி ஆவணியில் உறுத்தி, ஐப்பசி மழையில் கிடைக்காமலே போகும். இளவேனில் என்று நாம் சொல்லும் சித்திரை, வைகாசியில் மாமரம் பூத்துக் காய்த்து நிற்கும். மேய்ச்சல் நிலத்தில் பச்சை இருக்காது. மாடு முழுக்கக் கட்டுத்தரையை நம்பி நிற்கிற மாதங்கள் அவை.

நமது கொங்கு நாட்டுக்கு இன்னொரு சேமிப்பு இருந்தது, இப்போதும் ஓரளவு இருக்கிறது. கொரங்காட்டைச் சொல்கிறேன். கிளுவை வேலி போட்டு, வெள்வேல் மரங்களுக்கு நடுவே கொழுக்கட்டைப் புல்லை வளர்த்து, அது காய்ந்த பிறகும் நின்ற நிலையிலேயே மேயவிட்டார்கள். வெளிநாட்டில் புல்லைப் பூக்கும் முன் அறுத்து, வெயிலில் உலர்த்தி, உருளையாகக் கட்டி அடுக்குகிறார்கள். உலர்புல் என்று அதைச் சொல்லலாம். நம் முன்னோர் அறுக்காமலேயே நிலத்தில் அடுக்கி வைத்திருந்தார்கள். காங்கேயம் மாட்டின் எலும்பும் குளம்பும் அந்தக் காய்ந்த புல்லில் உருவானவை. கொரங்காடு விற்று மனையாகும்போது நிலம் மட்டும் போகவில்லை. பங்குனி, சித்திரைக்கான ஒரு தீவனப் போரும் சேர்ந்து போகிறது. அதன் இடத்தை நிரப்பத்தான் மன்னார்குடி லாரி வருகிறது.

அந்த லாரியின் கதையை வயலிலிருந்து பார்ப்போம். பழைய நெட்டை ரகங்களில் வைக்கோல் அதிகம் கிடைத்தது. 1966க்குப் பிறகு குட்டை ரகங்கள் வந்தன; நெல் கூடியது, தாள் குறுகியது. பிறகு அறுவடை இயந்திரம் வந்தது. அது தாளை உயரத்தில் வெட்டுகிறது. அடிக்கட்டை வயலிலேயே நிற்கிறது. வெளியே தள்ளும் வைக்கோல் நொறுங்கிப் போகிறது. கையால் அறுத்து அடித்த வைக்கோலுக்கும் இயந்திர வைக்கோலுக்கும் வித்தியாசம் உங்கள் மாட்டுக்குத் தெரியும்; தொட்டியில் மிச்சம் வைப்பதைப் பார்த்தாலே புரியும். இயந்திரம் போன பின் டிராக்டரில் கட்டும் கருவி வருகிறது. ஏக்கருக்கு ஐம்பது கட்டும் விழும், எண்பதும் விழும். ரகம், அறுத்த உயரம், வயலின் ஈரம், கருவியை ஓட்டுகிறவர் எவ்வளவு இறுக்கிக் கட்டினார் என்பதைப் பொறுத்தது.

இந்தக் கடைசி விஷயத்தில்தான் நம் பணம் கரைகிறது. இறுக்கிக் கட்டினால் கட்டு 20 கிலோ வரும். தளர்த்திக் கட்டினால் அதே அளவுக் கட்டு 13, 14 கிலோதான். கண்ணுக்கு இரண்டும் ஒரே உருளை. கட்டுவதற்குக் கூலி கட்டு எண்ணிக்கைக்கு. ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி எண்ணிக்கைக்கு. வியாபாரி விற்பதும் எண்ணிக்கைக்கு. இந்தச் சங்கிலியில் கட்டு தளர்வாக இருந்தால் எல்லோருக்கும் ஆதாயம், இருவரைத் தவிர. ஒருவர் கடைசியில் காசு கொடுத்து வாங்கும் நீங்கள். இன்னொன்று உங்கள் மாடு.

ஒரு கணக்குப் போடுகிறேன், மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு வியாபாரி கட்டு 140 ரூபாய் சொல்கிறார், இன்னொருவர் 120 சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எல்லோரும் 120க்குப் போவோம். முதல் கட்டு 20 கிலோ, நன்றாகக் காய்ந்தது, ஈரம் பத்தில் ஒரு பங்கு. அதில் 18 கிலோ உலர்பொருள் இருக்கிறது. உலர்பொருள் கிலோ 7 ரூபாய் 78 காசு. இரண்டாவது கட்டு 14 கிலோ, பனியில் கட்டியது, ஈரம் கால் பங்கு. உலர்பொருள் பத்தரைக் கிலோதான். கிலோ 11 ரூபாய் 43 காசு ஆகிறது. மலிவு என்று வாங்கியதில் கிலோவுக்கு மூன்றரை ரூபாய்க்கு மேல் கூடுதலாகக் கொடுத்திருக்கிறோம். அதுவும் போதாதென்று அந்த ஈரக்கட்டு போருக்குள் சூடேறிப் பூசணம் பிடிக்கும். பூசணம் பிடித்த வைக்கோலைத் தின்ற சினைமாடு என்ன பாடுபடும் என்பதை நான் தொழுவத்தில் முழங்காலிட்டுப் பார்த்திருக்கிறேன். அந்த இழப்பை ரூபாயில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

லாரி வாடகைக்கு வருவோம். வைக்கோல் கனமில்லாத சரக்கு. இடத்தை அடைக்குமே தவிர எடை நிற்காது. பத்து டன் தாங்கும் வண்டியில் 300 கட்டு ஏற்றினால் ஆறு டன்னைத் தாண்டாது, அதற்கே வண்டி பிதுங்குகிறது. வாடகை 15,000 ரூபாய் என்றால் கட்டுக்கு 50 ரூபாய் சாலையிலேயே போகிறது. தளர்ந்த கட்டானால் அதே 50 ரூபாய்க்கு இன்னும் குறைந்த தீவனம் வருகிறது. டீசல் விலை ஏறினால் முதலில் ஏறுவது வைக்கோல் விலை என்பது இதனால்தான். மன்னார்குடி வயலில் ஒரு விலை, திருச்சியில் ஒரு விலை, பல்லடத்தில் ஒரு விலை, பாலக்காட்டில் ஒரு விலை. இந்த நான்குக்கும் இடையில் இருப்பது பெரும்பாலும் சாலைதான்.

இந்த இடத்தில் பஞ்சாபைப் பற்றிச் சொல்லாமல் போக முடியவில்லை. அங்கே ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டன் நெல் வைக்கோல் வயலில் விழுகிறது; அதில் பெரும்பகுதி பல காலமாகத் தீயில் போனது. அங்குள்ளவர்கள் மாட்டுக்குக் கோதுமை வைக்கோலைப் பொடித்துப் போடுகிறார்கள், நெல் வைக்கோலை விரும்புவதில்லை. அடுத்த விதைப்புக்கு நாளும் இல்லை. ஜான்சியில் உள்ள இந்தியப் புல்வெளி, தீவன ஆராய்ச்சி நிலையம் தன் தொலைநோக்கு அறிக்கையில் நாட்டில் பசுந்தீவனம் 35.6 விழுக்காடும் உலர்தீவனம் 10.95 விழுக்காடும் பற்றாக்குறை என்று எழுதியது. ஒரு மூலையில் பற்றாக்குறை, ஒரு மூலையில் நெருப்பு. எடையில்லாத சரக்கை 2,500 கிலோமீட்டர் இழுத்து வரும் செலவுதான் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. தீவனச் சந்தை எப்போதும் வட்டாரச் சந்தைதான். டெல்லியில் அறிவிக்கும் ஒரே விலை இதற்கு உதவாது. காங்கேயத்துக்குக் காங்கேயத்தின் விலை தெரிய வேண்டும்.

விலை தெரியாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதை 2017இல் இங்கே உட்கார்ந்திருக்கும் எல்லோரும் பார்த்தீர்கள். 2016 வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 விழுக்காடு குறைந்தது. 2017 ஜனவரி 10 அன்று எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அரசு அறிவித்தது. டெல்டாவில் சம்பா கருகியது; அப்படியானால் வைக்கோல் எங்கிருந்து வரும்? உலர்தீவனக் கிடங்குகள் திறந்து கிலோ 2 ரூபாய்க்கு, ஒரு மாட்டுக்கு நாளுக்கு 3 கிலோ என்று கொடுத்தார்கள். அந்த வரிசையில் நின்றவர்களை நான் அறிவேன். 3 கிலோ ஒரு மாட்டை உயிரோடு வைக்கும்; மடியில் பால் வைக்காது.

அப்போது சந்தையில் நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. வைக்கோல் விலை ஏறிய அதே வாரங்களில் மாட்டு விலை இறங்கியது. போன ஆண்டு நல்ல விலை பேசிய கறவையை, கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டு வந்தார்கள். தெரிந்த ஒரு பெரியம்மா இரண்டு மாட்டை விற்ற பணத்தில் மூன்றாவது மாட்டுக்கு வைக்கோல் வாங்கினார். மறு ஆண்டு மழை பெய்து புல் முளைத்தபோது வாங்க நினைத்த மாட்டின் விலை அவர் விற்ற விலையைப்போல ஒன்றரை மடங்கு. வறட்சி சிறு விவசாயியை இரண்டு முறை அடிக்கிறது: விற்கும்போது ஒரு முறை, திரும்ப வாங்கும்போது ஒரு முறை.

இது நம் ஊர்க் கதை மட்டுமில்லை. 2022 மார்ச் மாதம் இந்தியாவில் 122 ஆண்டுப் பதிவுகளில் மிக வெப்பமான மார்ச். வடக்கே கோதுமை மணி சூம்பியது, தாளும் குறைந்தது. கடுகுக்கு நல்ல விலை இருந்ததால் கோதுமை நிலத்தின் ஒரு பகுதி முன்பே கடுகுக்குப் போயிருந்தது. ஏப்ரல், மே மாதங்களில், அங்கே அறுவடை முடிந்து தீவனம் மலிய வேண்டிய இளவேனிலிலேயே, விலை பறந்தது. ஹரியானாவின் சில மாவட்ட நிர்வாகங்கள் வைக்கோல் மாவட்டத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்று தடை போட்டன. ராஜஸ்தான் பக்கம் கோசாலைகள் தவித்தன. அந்த ஆகஸ்ட்டில் மொத்த விலைக் குறியீட்டில் தீவனத்தின் ஏற்றம் 25 விழுக்காட்டைத் தாண்டியது. அதே 2022இல் அமெரிக்காவின் டெக்சாஸ், கன்சாஸ், நெப்ராஸ்கா சமவெளியிலும் வறட்சி. அங்கும் உலர்புல் கிடைக்காமல் பசுக்களைக் கறிக்கு அனுப்பினார்கள். 2024 ஜனவரியில் எண்ணியபோது அந்த நாட்டின் மாடுகள் 8 கோடியே 72 லட்சம். 1951க்குப் பிறகு அதுவரை இல்லாத அளவுக்குக் குறைந்த எண்ணிக்கை. பெரும்பண்ணைக்காரனும் தீவனம் இல்லாவிட்டால் மாட்டை விற்கத்தான் வேண்டியிருக்கிறது.

ஆனால் அங்கே ஒரு வசதி இருக்கிறது, அதைத்தான் நாம் கேட்க வேண்டும். அமெரிக்க வேளாண் துறை ஒவ்வோர் ஆண்டும் மே 1 அன்றும் டிசம்பர் 1 அன்றும் பண்ணைகளில் எவ்வளவு உலர்புல் இருப்பில் இருக்கிறது என்று கணக்கெடுத்து வெளியிடுகிறது. மே 1 என்பது இளவேனில்; குளிர்காலம் தின்று தீர்த்த பிறகு, புதுப்புல் வருவதற்கு முன்பு. 2023 மே 1 அன்று இருப்பு சுமார் 1 கோடியே 45 லட்சம் டன். அதற்கு முந்தைய ஆண்டைவிட 13 விழுக்காடு குறைவு. அந்த எண்ணைப் பார்த்த ஒருவர் எத்தனை மாட்டை வைத்துக்கொள்ளலாம் என்று அன்றைக்கே முடிவு செய்யலாம். வாரந்தோறும் மாநில வாரியாக விலையும் வருகிறது. குதிரைமசால் என்றால் ஐந்து தரம் பிரித்து, டன்னுக்கு இவ்வளவு என்று போடுகிறார்கள். டன்னுக்கு என்பதைக் கவனியுங்கள். கட்டுக்கு என்று பேசினாலும் கடைசியில் எடைக்குத்தான் வந்து நிற்கிறது.

நம்மிடம் நெல்லுக்கு ஆதரவு விலை இருக்கிறது, கொள்முதல் நிலையத்து வாசலில் எழுதிப் போட்டிருக்கிறார்கள். பாலை எவ்வளவு நுணுக்கமாக அளக்கிறோம்! கொழுப்பு இவ்வளவு, கொழுப்பு நீங்கிய சத்து இவ்வளவு என்று புள்ளி வைத்துப் பிரித்து, ஒரு புள்ளி குறைந்தாலும் காசைக் குறைக்கிறார்கள். அந்தப் பாலை உண்டாக்கும் வைக்கோலுக்கு ஓர் எழுத்தும் இல்லை. நான் போன எந்த ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்திலும் வைக்கோல் விலை எழுதிய பலகையைப் பார்த்ததில்லை. 2019 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாடுகள் மட்டும் 95 லட்சம். 95 லட்சம் வாய்களுக்கான சரக்கு வாய்ச்சொல்லிலும் கண்மதிப்பிலும் கைமாறுகிறது. இதைப் பொறுத்துக்கொண்டே இருந்தது நம் தவறு. என் துறையின் தவறும்தான். ஊசி போடக் கற்றுக்கொடுத்த அளவுக்குத் தீவனம் வாங்கக் கற்றுக்கொடுக்கவில்லை.

எப்போது வாங்குவது என்று நிறையப் பேர் கேட்பதுண்டு. பதில் சுலபம்: இப்போதே. அதற்கான கணக்கையும் சொல்லிவிடுகிறேன். மூன்று கறவை, மாட்டுக்கு நாளுக்கு 5 கிலோ வைக்கோல், பங்குனி முதல் ஆடி வரை 150 நாள். 2,250 கிலோ வேண்டும். சேதாரம் சேர்த்து 2,500 என்று வையுங்கள். மாசியில் கிலோ 6 ரூபாய் என்றால் 15,000 ரூபாய். மாதாமாதம் வாங்கினால் ஏறும் விலையில் சராசரி 8 ரூபாய் ஆகலாம், அப்போது 20,000. கையில் பணமில்லாமல் இரண்டு வட்டிக்கு வாங்கினாலும் ஐந்து மாதத்துக்கு வட்டி 1,500 ரூபாய். தார்ப்பாய்க்கும் அடியில் போடும் கட்டைக்கும் ஆயிரம் ரூபாய் போனாலும் 2,500 ரூபாய் மிச்சம். இரண்டு வட்டிக்குப் போக வேண்டியதும் இல்லை. 2018-19 மத்திய பட்ஜெட்டில் அறிவித்த பிறகு கிசான் கடன் அட்டை கால்நடை வளர்ப்போருக்கும் உண்டு. தீவனம் வாங்கும் நடைமுறை மூலதனத்துக்கென்றே வந்தது அது. மாடு வாங்கத்தான் கடன் தருவார்கள் என்று நினைத்து நம்மில் பலர் கேட்பதே இல்லை.

வாங்கியதைத் தரையில் போடாதீர்கள். நான்கு கட்டை போட்டு, மேலே தார்ப்பாயைக் காற்றுப் போக இடம் விட்டுக் கட்டுங்கள். சித்திரைக் கோடைமழை ஒரே மாலையில் பத்தில் ஒரு பங்கைக் கெடுத்துவிடும். நம் தாத்தாக்கள் போர் வேய்ந்த விதத்தில், மழை நீர் கூரையில் வழிவதுபோல வழிந்து ஓடியது. உருளைக் கட்டு வந்த பிறகு அந்தக் கைவேலை போய்விட்டது. இன்றும் போர் போடத் தெரிந்த கைகள் ஊருக்கு இரண்டு பேர் இருப்பார்கள். அவர்கள் இருக்கும்போதே இளையவர்கள் கற்றுக்கொள்ள வேண்டும்.

வைக்கோலைப் பற்றி ஓர் உண்மையையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அதில் புரதம் 3, 4 விழுக்காட்டுக்கு மேல் இல்லை. மணல்சத்து அதிகம், அதிலுள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொள்ளும். யூரியா ஊட்டினால் புரதம் ஏறத்தாழ இரு மடங்காகும்: 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 50 லிட்டர் நீரில் முழுதாகக் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்து, காற்றுப் புகாமல் 21 நாள் மூடி வைக்க வேண்டும். எடுத்தவுடன் போடாமல் நெடி போக ஆறவிடுங்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்குக் கூடவே கூடாது. யூரியாவைத் தண்ணீர்த் தொட்டியிலோ தவிட்டிலோ நேராகக் கலந்து மாட்டைப் பறிகொடுத்த வீட்டுக்கு நான் போயிருக்கிறேன். அளவும் நாளும் தவறாமல் செய்ய முடியாதவர்கள் இதைத் தொடவே வேண்டாம். அவர்களுக்குக் கடலைக்கொடி இருக்கிறது, வைக்கோலைவிட இரண்டு மடங்குக்கு மேல் புரதம். சோளத்தட்டு இருக்கிறது. வேலியோரத்தில் அகத்தியும் சவுண்டலும் வளர்த்தாலே பாதிக் குறை தீரும்.

டெல்டாக்காரரையும் மறக்க வேண்டாம். நாம் கிலோவுக்கு எட்டு ரூபாய் கொடுக்கும்போது அந்த வயல்காரர் கைக்கு என்ன போகிறது? பெரும்பாலும் ஏக்கருக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசி முடித்துவிடுகிறார்கள். மழை இருட்டிக்கொண்டு வந்தால் வந்த விலைக்கு. குத்தகை நிலமானால் அதுவும் பங்காகப் பிரியும். எடை போடும் பழக்கம் வந்தால் அவருக்கும் நியாயம் கிடைக்கும். நல்ல வைக்கோலை இறுக்கிக் கட்டித் தருகிற ஊருக்கு நல்ல பெயரும் கூடுதல் விலையும் கிடைக்கும். இங்குள்ள ஒரு பால் சங்கமும் அங்குள்ள ஒரு விவசாயிகள் குழுவும் தை மாதமே எடைக் கணக்கில் பேசிக்கொண்டால் இடையில் கரையும் பணத்தில் பாதியை இரண்டு பேரும் பிரித்துக்கொள்ளலாம்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். உங்கள் பால் சங்கத்துச் சுவரில் ஒரு கரும்பலகை வையுங்கள். ஊருக்கு வைக்கோல் லாரி வரும் நாளில் எங்கிருந்து வந்தது, கட்டு என்ன விலை, ஐந்து கட்டின் சராசரி எடை என்ன, கிலோ என்ன விலை என்று நான்கு வரி எழுதுங்கள். பக்கத்து ஊர்ச் சங்கத்துக்கு வாட்ஸ்அப்பில் அந்தப் பலகையின் படத்தை அனுப்புங்கள். பத்து ஊர் இதைச் செய்தால் ஆவணிக்குள் இந்த வட்டாரத்துக்கு ஒரு விலைப்பட்டியல் இருக்கும். அரசிடம் நாம் போய்க் கேட்கும்போது அந்தப் பட்டியலோடு போவோம்.

மண்டபத்துக்கு வெளியே, வேப்பமரத்தடியில் தொங்கு தராசு ஒன்று கட்டச் சொல்லியிருக்கிறேன். வரும் வழியில் மூன்று இடங்களில் நிறுத்தி ஆறு கட்டு வாங்கி வந்திருக்கிறேன், இரண்டு அந்த ஓட்டுநர் தம்பி கொடுத்தவை. ஆறும் ஏறத்தாழ ஒரே விலை. நான் இன்னும் எடை போடவில்லை. சாப்பாட்டுக்கு முன்னால் எல்லோரும் அங்கே வாருங்கள். முதல் கட்டைத் தூக்கிவிட இளைஞர்கள் இரண்டு பேர் வேண்டும்.